பரண்மேல் இல்லாத பெட்டி

மார்ச் 3, செவ்வாய்

மகள் கூப்பிட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லையே என்றுதான் முதலில் கேட்டேன். அவளுக்கு வேண்டியது என் பழைய சட்டைகள். பெரிய காலர், புஸ்ஸென்று கை வைத்தவை. அம்மா, இதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கு வராதே என்று சின்ன வயதில் அழுதவள்தான்! அவள் சட்டைகளுக்கு மாதிரி வரைந்து கொடுக்கும் துணி நிறுவனத்தில் இப்போது அந்தக் காலத்து மோஸ்தர்தான் சக்கைப்போடு போடுகிறதாம்.

மார்ச் 9, திங்கள்

தினமும் கூப்பிடுகிறாள். ஒவ்வொரு சட்டையாக விரித்துப் படம் எடுத்து அனுப்புகிறேன். எப்போது வாங்கியது, எங்கே போட்டுப் போனது என்று துருவித் துருவிக் கேட்கிறாள். சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் மறந்துவிடுகிறாள். பரவாயில்லை. இந்த வீட்டில் பேச்சுக்குரல் கேட்டு எத்தனை நாளாயிற்று.

மார்ச் 14, சனி

எல்லாவற்றையும் பார்சலில் அனுப்பிவிட்டேன்.

மார்ச் 22, ஞாயிறு

போன் வரவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

நானே கூப்பிட்டேன். வேலையாக இருக்கிறாளாம். வைக்கப் போனவளிடம், பரண்மேல் இன்னொரு பெட்டி இருக்கிறது என்று வாயில் வந்துவிட்டது. அப்புறம் வெகுநேரம் பேசினாள். பரண்மேல் ஓட்டைக் குடையும் ஒட்டடையும்தான் இருக்கின்றன. ஏன் அப்படிச் சொன்னேன்? புத்தி கெட்டுப்போச்சு எனக்கு.

ஏப்ரல் 4, சனி

கடைத்தெருவில் அதே மாதிரி புதுச் சட்டை தொங்கியது. வாங்கினேன். லேபிளைப் பிரித்தெடுத்து, டீத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலரைப் பிரஷ்ஷால் தேய்த்து வெயிலில் காயவைத்தேன். புதுத் துணியை ஏன் இந்தப் பாடு படுத்துகிறீர்கள் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. சாயம் போகிறதா என்று பார்க்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 6, திங்கள்

படம் அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். உங்கப்பா வாங்கித் தந்தது என்று அளந்துவிட்டேன். போய்ச் சேர்ந்த மனுஷனையும் பொய்யில் இழுத்தாயிற்று. சட்டை நேரில் வேண்டுமாம். அனுப்பினேன்.

ஏப்ரல் 15, புதன்

"அம்மா, இந்தப் பொத்தான் துளையைக் குறுக்கால வெட்டச் சொன்னதே நான்தான். போன வருஷம் நான் வரைஞ்ச சட்டை இது."

இத்தனை சட்டையில் அவளுடையதா என் கையில் சிக்க வேண்டும்? பெட்டியும் இல்ல ஒண்ணும் இல்லடி, நீ பேசணும்னுதான் — அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது. அவள் போனை வைத்துவிட்டாள். போச்சு. இனிமே எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு அவகிட்ட பேசுவேன்?

ஏப்ரல் 19, ஞாயிறு

கூப்பிட்டாள். சட்டையைப் பற்றி மூச்சு விடவில்லை. அங்கே மழையா என்றாள். இல்லை, வெயில் என்றேன். அப்புறமும் அவள் போனை வைக்கவில்லை. அவள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. நானும் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெங்காயம் நறுக்கினேன்.