மஞ்சள் சுவரும் நீல சோபாவும்

ஜூன் 4, 2025

கல்கத்தா லேபின் மஞ்சள் விளக்கு அறையில் காலை முழுவதும் சில்லுகளோடு மல்லுக்கட்டிவிட்டு வெளியே வந்தால், வீடியோ காலில் அஷ்வத். கோயம்புத்தூர் வீட்டு ஹாலுக்குப் பெயின்ட். அட்டையைக் காட்டினான். "அந்த வெள்ளை" என்றேன். கல்யாணமாகி நாங்கள் சேர்ந்து எடுத்த முதல் முடிவு. அதுவும் போனில்.

ஜூன் 15

போட்டோ வந்தது. சுவர் மஞ்சள். மஞ்சள் வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு வெளிர்மஞ்சள் வெள்ளையாகத்தான் தெரியும், இது எனக்குத் தெரியாதா? "நீயும் மஞ்சள் ரூம்ல, நானும் மஞ்சள் ரூம்ல, இருக்கட்டும்" என்கிறான். நடுவில் எங்கள் நீல சோபா. அதில் சேர்ந்து உட்கார்ந்ததே குறைவு.

ஜூலை 22

நகம் அளவு திரை. தூசியைவிடச் சிறிய ஒளிச் சில்லுகளை நிறம் நிறமாக அதில் பதிக்க வேண்டும். நீலமும் பச்சையும் எரிகின்றன. சிவப்பு மட்டும் அத்தனை சிறிதாக வெட்டினால் மங்கிவிடுகிறது. சோதனைக்கு எங்கள் ஹால் போட்டோவைப் போட்டேன். சிவப்பில்லாமல் மஞ்சள் ஏது? சுவர் பச்சையாக நின்றது. சோபா மட்டும் நீலமாகவே. சிவப்பு வந்ததும் ஊருக்கு வந்துவிடுவேன் என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 30

கரியாஹாட் கடைத்தெருவில் துர்கா பூஜைக் கூட்டம். ஜோடி ஜோடியாகப் புடவை பார்க்கிறார்கள். எரிச்சலாக வந்தது. எனக்கு அவன் வேணும், அவ்வளவுதான்.

செப்டம்பர் 8

லேப் தலைவர் சார் கூப்பிட்டார். சிவப்பு வந்துவிட்டால் அடுத்த கட்டமும் என் பொறுப்பாம். இன்னும் இரண்டு வருஷம். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை — ஆசையாவும் இருக்கே, என்ன பண்ண? அஷ்வத்திடம் சொன்னேன். "யோசிப்போம் மஹி." வைத்துவிட்டான்.

செப்டம்பர் 9

போன் வரவில்லை.

செப்டம்பர் 19

சிவப்பு வந்துவிட்டது. வெட்டிய ஓரங்களைக் கழுவி மெல்லிய பூச்சு கொடுத்ததில் பலித்தது. கூட வேலை செய்யும் சுப்ரியா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அஷ்வத்திடம் ஹாலை இப்போதே ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். திரையில் ஏற்றினேன். சுவர் அச்சு அசல் அதே மஞ்சள். ஆனால் நடுவில் நீலம் இல்லை.

சிவப்பைக் கொண்டுவந்து நீலத்தைத் தொலைச்சுட்டேனா? நீலத்தை மட்டும் தனியாக எரித்துப் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை. அப்புறம்தான் போனை எடுத்துப் பார்த்தேன். போட்டோவிலேயே சோபா இல்லை.

"லாரியில ஏத்தியாச்சு" என்றான். "கல்கத்தாவுக்கு மாத்தல் கேட்டிருந்தேன், கொடுத்துட்டாங்க. நீ முடிச்சதும் சொல்லலாம்னு இருந்தேன். உன் வீட்டு மாடிப்படி அகலமா?"

செப்டம்பர் 20

பெஹாலாவில் நான் குடியிருக்கும் வீட்டு மாடிப்படியை அளந்தேன். சோபா ஏறிவிடும், வாசலில்தான் இடிக்கும். வீட்டுக்கார மாசிமாவிடம் கேட்டுக் கதவைக் கழற்ற ஆள் சொல்லியிருக்கிறேன்.