கேட்காமல் வாங்கிய வின்ச்

மார்ச் 3, ஞாயிறு

இன்று மைதானத்தில் இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர், அவருடைய தம்பி, மருந்துக் கடைக்காரர், நான். மருந்துக் கடைக்காரரின் நாயைச் சேர்த்தால் ஐந்து.

இவர் செய்த கிளைடரை, மோட்டார் இல்லாத அந்தப் பொம்மை விமானத்தை, நான்கு முறை ஏற்றினோம். ஐந்தாவது முறை கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடிய கொழுந்தனார் பாதி வழியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இவர் ரிமோட்டை விடாமல் கிளைடரைப் பத்திரமாகத் தரையிறக்கினார். அதற்குப் பிறகுதான் தம்பியைத் திரும்பிப் பார்த்தார். என் ஓரகத்தி அங்கே இல்லாதது நல்லதாகப் போயிற்று.

மார்ச் 4, திங்கள்

இனிமேல் ஓடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஓரகத்திதான் போனில் சொன்னாள். “அம்பத்து மூணு வயசுல பொம்மை விமானத்துக்கு ஓட ஒரு ஆளு, அதை நோட்டுல எழுதி வைக்க ஒரு ஆளு. நல்ல குடும்பம்க்கா நம்மது.”

அவளுக்குத் தெரியாததா? வீட்டை நடுவே சுவர் எழுப்பிப் பிரித்த நாளிலிருந்து அண்ணனும் தம்பியும் ஆறு நாள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஏழாம் நாள் ஒரு கயிற்றின் இரண்டு முனையில் நின்றுகொண்டு, காற்று எந்தப் பக்கம் என்று பேசுவார்கள். அவ்வளவுதான் மிச்சம். அந்தக் கயிறும் போய்விட்டால்?

மார்ச் 7, வியாழன்

“ஓட ஆள் இல்லேன்னா கயிறு இழுக்க ஒரு வின்ச் வச்சுக்கலாம். எது நல்லதுன்னு நீயே பார்த்துச் சொல்லு. உனக்குத்தான் எழுதி வச்சுப் பார்க்கத் தெரியும்” என்று திங்கள் இரவே சொன்னார் இவர். எனக்குக் கொஞ்சம் பெருமைதான். பள்ளிக்கூடம் எட்டோடு நின்றுபோன எனக்கு இவர் கொடுத்த பரீட்சை.

மூன்று நாளாகப் படித்ததைக் குறித்து வைக்கிறேன். ரப்பர் கயிறு: ஒரு முனையைத் தரையில் முளையடித்துக் கட்டிவிட்டு, மறுமுனையில் கிளைடரை மாட்டிப் பின்னால் இழுத்து விட வேண்டும். கவண் மாதிரி. இழுவை மென்மையானது, ஆனால் காற்றில்லாத நாளில் உயரம் போகாது. மோட்டார் வின்ச்: கார் ஸ்டார்ட்டர் மோட்டார், கார் பேட்டரி, நைலான் நரம்பு சுற்றும் உருளை, காலால் மிதிக்க ஒரு பெடல். மைதானத்தின் மறுகோடியில் ஒரு கப்பி. நரம்பு அதைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்து கிளைடரை இழுக்கும். எந்தக் காற்றிலும் ஏறும்.

மார்ச் 9, சனி

கார் மெக்கானிக்கிடம் போனேன். எல்லோரும் அவனை ‘கிரீஸ்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். “அக்கா, இந்த மோட்டார் வேனையே கிளப்பும். உங்க காத்தாடியக் கிளப்பாதா?” காத்தாடி என்று சொன்னதை இவரிடம் சொல்லவில்லை.

உருளை இரண்டு வைத்திருக்கிறான். சின்னது நிதானமாகச் சுற்றும், ஆனால் இழுவை அதிகம். பெரியது வேகம். நரம்பின் தடிமன், பேட்டரியின் கனம், உருளை பின்னோக்கிச் சுற்றிச் சிக்காமலிருக்க ஒரு பிரேக் என்று எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டேன். ஒன்றரைப் பக்கம்.

மார்ச் 10, ஞாயிறு

ஆண்டவனிடம் கேட்டுவிட்டு முடிவு செய்தேன். மோட்டார், சின்ன உருளை.

மார்ச் 13, புதன்

கொழுந்தனாரைப் பார்க்கப் போனேன். காலைத் தலையணை மேல் நீட்டியிருந்தார். வின்ச் வாங்கியாயிற்று என்றேன். “நல்லது அண்ணி. மோட்டாருக்கு முட்டி வலிக்காது” என்று சிரித்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்காதது ஏனோ உறுத்துகிறது.

மார்ச் 17, ஞாயிறு

உடைந்துவிட்டது.

நான்தான். என் கால்தான். “தட்டித் தட்டி விடு, ஒரேயடியா மிதிக்காதே”ன்னு இவர் பத்து தடவை சொன்னார். முப்பது வருஷமா தையல் மெஷின் மிதிச்ச காலுக்கு நிறுத்தி நிறுத்தி மிதிக்க வரல. கிளைடர் சர்ருன்னு ஏறுச்சு, ரெண்டு இறக்கையும் மேல வளைஞ்சுது. அழகா இருக்கேன்னு பார்த்துக்கிட்டே மிதிச்சேன். “விடு! விடு!”ன்னு இவர் கத்தினப்ப இன்னும் அழுத்திட்டேன். நடுவுல மடங்கிடுச்சு. புத்தகத்தை மூடற மாதிரி.

பதினோரு மாதம் இழைத்து இழைத்துச் செய்த கிளைடர். வின்ச்சைப் பொருத்திக் கொடுக்க வந்திருந்த மெக்கானிக் ‘கிரீஸ்’தான் உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக் கொண்டுவந்தான். இவர் அவற்றை மடியில் வைத்துக்கொண்டே வீடு வந்தார்.

மார்ச் 18, திங்கள்

என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். மோட்டார் எவ்வளவு இழுக்கும், நரம்பு எவ்வளவு தாங்கும், எல்லாம் இருக்கிறது. இறக்கை எவ்வளவு தாங்கும்? ஒரு வரி இல்லை.

மார்ச் 19, செவ்வாய்

கொழுந்தனார் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். முகம் செத்துப்போயிற்று.

“அண்ணி, அது உங்க கால் இல்ல. ரெண்டு இறக்கையையும் கோக்கிற எஃகுக் கம்பிய நான் மாத்திட்டேன். உள்ள இருக்கிறது அலுமினியக் குழாய். அஞ்சு வருஷமாச்சு.”

“ஏன்?”

“எடை குறைஞ்சா மெதுவா ஓடினாலே ஏறிடும். எனக்கு அப்பவே மூச்சு வாங்கும். அண்ணன்கிட்ட எப்படிச் சொல்றது? கையால இழுக்கறதுக்கு அது போதும். வின்ச்சுக்கு ஆகாது.”

“வின்ச் வாங்கியாச்சுன்னு நான் வந்தன்னிக்கே சொல்லியிருக்கலாமே.”

“யாரு கேட்டா? ஆளுக்குப் பதிலா மோட்டார் வந்தாச்சு. ஓடினவன எவன் கேப்பான்?”

வாசல்வரை நொண்டி நொண்டி வந்து, “அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க” என்றார்.

மெக்கானிக்கைக் கேட்டேன், ஆண்டவனைக் கேட்டேன். பத்து வருஷமா அதை இழுத்துக்கிட்டு ஓடின மனுஷனைக் கேக்கல.

மார்ச் 21, வியாழன்

“ஒரு பெடல மிதிக்கத் தெரியல” என்றார் இவர், தட்டிலிருந்து கண்ணெடுக்காமல். குழம்பை ஊற்றினேன். பொய் சொல்லவில்லை, சொல்லாமல் இருக்கிறேன். இரண்டும் ஒன்றா? ஜெபத்தில் மனம் நிற்கவில்லை.

மார்ச் 23, சனி

இவரே கண்டுபிடித்துவிட்டார். ஒட்டுகிறேன் என்று இறக்கையைப் பிரித்தவர், வளைந்த குழாயைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

“இது நான் போட்டதில்ல. உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

எல்லாவற்றையும் சொன்னேன். கத்தப் போகிறார் என்று அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றேன். கத்தவில்லை. குழாயை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார்.

“அஞ்சு வருஷமாவா மூச்சு வாங்குச்சு?”

“ஆமாங்க.”

“வாரா வாரம் ‘வேகமா ஓடுடா சோம்பேறி’ன்னு கத்திட்டிருந்தேனே. சிரிச்சுக்கிட்டே ஓடுவான்.”

சாப்பிடாமல் எழுந்து போனார்.

மார்ச் 24, ஞாயிறு

யாரும் மைதானத்துக்குப் போகவில்லை. நண்பகல் வரை நடுச்சுவர்ப் பக்கமாகவே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு, “நீ எழுது. நான் எழுதினா அவன் படிக்க மாட்டான்” என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன், கடைசி இரண்டு வரி மட்டும் என்னுடையது. கொழுந்தனார் போனுக்கு அனுப்பியதன் நகல்:

“அண்ணன் குழாயைப் பார்த்துவிட்டார். கோபம் இல்லை. புது இறக்கைக்கு எஃகா, கார்பன் கம்பியா? மோட்டாரை வைத்துக்கொள்வதா, திருப்பிக் கொடுத்துவிட்டு ரப்பர் கயிறு வாங்குவதா? இறக்கை எவ்வளவு வளைந்தால் நிறுத்த வேண்டும் என்று உனக்குத்தான் தெரியும் என்கிறார். மோட்டார் என்றால் பெடல் உங்களுடையது, நாற்காலியில் உட்கார்ந்தே மிதிக்கலாம். உங்களைக் கேட்காமல் எதையும் வாங்க மாட்டோம். முதலிலேயே கேட்காதது என் தப்பு. சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.”