திருத்திய பதிப்பில் நீ இல்லை

தோஸ்து,

மேஜைமேல் ஒரு புத்தகம் கிடக்கிறது. புது பைண்டிங், பசை வாடை இன்னும் போகவில்லை. அச்சாபீஸில் எழுத்துக் கோத்தே வயிறு வளர்த்தவன் நான். எனக்குச் சோறு போட்ட வாடை அது. இன்றைக்கு அந்த வாடை பிடிக்காமல் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். அட்டையில் உன் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறது. உள்ளே நீ எழுதியது பாதிகூட இல்லை.

‘துண்டுக்குள் பேச்சு’ என்று நீ வைத்த தலைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, ‘விண்ணவர் வணக்கம்’ என்று வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘திருத்திய பதிப்பு’. எதைத் திருத்தினார்களாம்? யாரைக் கேட்டுத் திருத்தினார்களாம்? அந்த மழைக்காலத்துக் காய்ச்சலில் நீ போய்ச் சேர்ந்தாலும் சேர்ந்தாய், உன் புத்தகம் கேட்பாரற்ற பிள்ளையாகிவிட்டது.

ராயபுரத்துக் கரையில், கவிழ்த்துப் போட்ட கட்டுமரத்தில் சாய்ந்துகொண்டு மூன்றாம் அத்தியாயத்தை நீ எனக்குப் படித்துக் காட்டிய சாயங்காலம் நினைவிருக்கிறதா? ஆட்டுத்தொட்டிச் சந்தையில் தரகு முடித்து நேரே வந்திருந்தாய். உன் சட்டையில் ஆட்டு வாடை, என் விரலில் அச்சு மை. உன் முதல் நாவல் அது. இந்தப் பக்கத்தில் கிரகம், ஆகாயம் என்று யாரும் கதை எழுதிப் பார்த்ததில்லை. எண்ணூர்க் கழிமுகத்தில், நெட்டுக்குப்பத்துக்குப் பக்கத்தில், கப்பல் பாய்லர் அளவுக்கு ஒரு இரும்பு உருண்டை வந்து விழுகிறது. அதற்குள்ளிருந்து வேறு கிரகத்து ஜனங்கள் இரண்டு பேர் இறங்குகிறார்கள். துரை வந்து இங்கிலீஷில் கத்துகிறான். தாசில்தார் வந்து அதையே தமிழில் இன்னும் உரக்கக் கத்துகிறார். வந்தவர்கள் வாயே திறக்கவில்லை. அவர்கள் ஊரில் நாலு பேர் பார்க்கப் பேசுவது, நாலு பேர் பார்க்கத் துணி அவிழ்ப்பதற்குச் சமம். இது யாருக்கும் புரியவில்லை. ஆடு வாங்கிவிட்டு அந்த வழியாக வந்த ஒரு தரகன், தோளில் கிடந்த துண்டை எடுத்து வந்தவர்களில் ஒருவரின் ஏழு விரல் கைமேல் போடுகிறான். தன் கையையும் உள்ளே விடுகிறான். ஆட்டுத்தொட்டியில் விலை பேசுகிறவர்கள், பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாமல் துண்டுக்கு அடியில் விரல் பிடித்துப் பேசுவார்களே, அதே மாதிரி. அப்போதுதான் அந்தக் கை அசைகிறது.

நான் உன்னைக் கிண்டல் செய்தேன். “அத்தினி தூரம் பறந்து வந்தவன் ஒரு ஆட்டுத் தரகன்கிட்டயா பேசுவான்?”

“வேற யாரு நைனா கீறான் அந்தக் கரையில?” என்றாய் நீ.

பிறகு தரகனும் வந்தவர்களும் அத்தியாயம் அத்தியாயமாகத் தப்புத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். தண்ணீர் கேட்டால் இவன் நெருப்புக் கொண்டுவருகிறான். இவன் சிரித்தால் அவர்கள் பயந்து உருண்டைக்குள் ஓடுகிறார்கள். இதற்கு ஏன் இத்தனை பக்கம் என்று கேட்டேன். நீ சொன்ன பதிலை அட்சரம் பிசகாமல் சொல்வேன்: “ரெண்டு பேரும் தப்பு பண்ணணும் நைனா. ஒருத்தன் மட்டும் தப்பு பண்ணிகினு கீறான்னா, அது பேச்சு இல்ல. பாடம்.”

வண்ணாரப்பேட்டையில் எங்கள் அச்சாபீஸில்தான் அது அச்சானது. மூன்றாம் அத்தியாயத்தை வேறு ஆளிடம் கொடுக்காமல் நானே கோத்தேன். ‘துண்டு துண்டு’ என்று நீ எழுதித் தள்ளியதில் ‘ண்’ எழுத்து பெட்டியில் தீர்ந்துபோய், அடுத்த தெரு அச்சாபீஸில் இரவல் வாங்கினேன். அப்படிக் கோத்தது தலையில் இருக்காது, விரலில் இருக்கும். அதனால்தான் புதுப் பதிப்பைத் திறந்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது.

தரகனைக் காணோம். அவன் இடத்தில் வெள்ளைத் தலைப்பாகை கட்டிய ஒரு கல்லூரி ஆசிரியர் நிற்கிறார். வந்தவர்கள் அவரைப் பார்த்ததும் கைகூப்புகிறார்கள். அவர் அரிச்சுவடி சொல்லித் தருகிறார். ஒரே வாரத்தில் அவர்கள் செந்தமிழில் நன்றியுரை ஆற்றுகிறார்கள். அவர்கள் பாஷையில் அவர் கற்றுக்கொண்டது ஒரு வார்த்தை உண்டா? கிடையாது. அவர் ஒரு தப்புகூடச் செய்யவில்லை. தரகன் ஒரே ஒரு பக்கம் வருகிறான். “இன்னாடா இது பேஜாரா கீது” என்று அலறி, துண்டைப் போட்டுவிட்டு ஓடுகிறான். அவ்வளவுதான். நம் பேச்சை அந்தப் புத்தகத்தில் விட்டுவைத்ததே சிரிக்கத்தான்.

மவுண்ட் ரோடு பக்கம் இருக்கிற அந்தப் பதிப்பகத்துக்கு நேரே போனேன். உன் அண்ணன்தான் புத்தகத்தை அவர்களிடம் கொடுத்துவிட்டாராம். பதிப்பாளர் மரியாதையான மனிதர். உட்காரச் சொல்லி சோடா வரவழைத்தார். சண்டைக்குப் போனவனுக்குச் சோடா கொடுத்தால் எப்படிச் சண்டை போடுவது? ஆனாலும் போட்டேன்.

“கதை அப்படியேதான் இருக்கு. கொஞ்சம் கௌரவமா உடுத்தி விட்டிருக்கோம்” என்றார்.

“உடுத்தல, உருவிட்டு உட்டுகீறீங்க” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. “நீங்களே யோசிச்சுப் பாருங்க. வேற கிரகத்துக்காரா சந்தைத் தரகு வித்தையில பேசறான்னா யார் ஒப்புவா?”

“ஆகாயத்துலருந்து வந்தான்னா ஒப்புவீங்க. ஆட்டுத்தொட்டியிலருந்து வந்தான்னா ஒப்ப மாட்டீங்க. அப்படித்தானே?”

அவர் இழுப்பறையைத் திறந்து ஒப்பந்தத்தைப் புரட்டினார். பிறகு, அடுத்த பதிப்புக்குச் சட்டப்படி உன் மனைவியின் சம்மதம் வேண்டியிருக்கிறது, அந்த அம்மாள் பழையபடி போடச் சொன்னால் மறுபேச்சில்லாமல் போட்டுவிடுகிறேன் என்றார். எனக்கு இது போதாதா? ஜெயித்தாயிற்று என்று நினைத்துக்கொண்டு தண்டையார்ப்பேட்டைக்கு ஓடினேன். உன் பழைய பதிப்பு என் கக்கத்தில் இருந்தது.

உன் வீட்டில் எதுவும் மாறவில்லை. நடுவில் அதே பூப்போட்ட கோஷாத் திரை. இந்தப் பக்கம் கட்டிலில் உன் அம்மா. அவர்களுக்கு இப்போது காது சுத்தமாகக் கேட்பதில்லை. திரைக்கு அந்தப் பக்கம் உன் மனைவி. எத்தனையோ வருஷம் அந்தத் திரைக்கு அடியிலிருந்து வந்த டீயைக் குடித்திருக்கிறேன், முகம் பார்த்ததில்லை. ரங்கூனில் கல்யாணம் செய்து கூட்டி வந்தாய் என்று மட்டும் தெரியும். அங்கே கடை வைத்திருந்த நம்மவர் வீட்டுப் பெண் என்று நினைத்திருந்தேன். நீயும் இல்லை என்று சொன்னதில்லை.

விஷயத்தைச் சொன்னேன். உன் மனைவிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதால், எது போச்சு என்று தெரியட்டும் என மூன்றாம் அத்தியாயத்தைச் சத்தமாகப் படித்தேன். நன்றாகவே படித்தேன். துண்டு விழுகிற இடத்தை இரண்டு தடவை படித்தேன். முடித்துவிட்டு, திரைக்கு அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் வரும் என்று காத்திருந்தேன்.

வரவில்லை. “அண்ணே, இத்த யாரு யாரு படிச்சாங்க?” என்று உன் மனைவி கேட்டார்கள்.

“ஊரே படிச்சுதும்மா. டீக்கடையில ஒருத்தன் படிக்க பத்து பேரு கேட்டாங்க” என்றேன் பெருமையாக.

திரைக்கு அடியிலிருந்து டீ டம்ளர் வந்தது. அப்புறம், “அது என் கையிண்ணே” என்றார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்கள் நிதானமாகச் சொன்னார்கள். “நான் தமிழ்க் குடும்பம்னு நெனச்சிகினீங்களா? நான் பர்மாக்காரி. சின்ன வயசுல, நீங்க கும்புடுறீங்களே, அந்த புத்தருக்குத்தான் பூ வெச்சிகினு இருந்தேன். இங்க வந்த புதுசுல தமிழ்ல ஒரு வார்த்த தெரியாது. வாயத் தொறந்தா மாமியாரு, நாத்தனாருங்க, பக்கத்து வூட்டுக்காரங்க அல்லாரும் உளுந்து உளுந்து சிரிப்பாங்க. ஒரு நாளு மூடிகினேன். அப்பால தொறக்கவே இல்ல. ஊமைன்னுகூட சொன்னாங்க. அவுருதான் ஒரு நாளு பக்கத்துல குந்திகினு, தோள்ல கெடந்த துண்ட என் கையி மேல போட்டாரு. சுத்தி அல்லாரும் பேசிகினு கீறாங்க. யாருக்கும் ஒண்ணியும் தெரியாது. விரலப் புடிச்சாரு.”

கட்டிலில் உன் அம்மா விசிறிக்கொண்டே எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களுக்கு எதுவும் கேட்கவில்லை.

“யாரும் பாக்காத எடம்னு இந்த ஊர்ல எனக்கு அது ஒண்ணுதாண்ணே இருந்துச்சு. ஆட்டுத் தரகன் கத எழுதுறேன்னு என்கிட்ட சொன்னாரு. நானும் ஆடு வாங்குற கததான்னு நெனச்சிகினேன்” என்றார்கள். பிறகு குரல் சூடாயிற்று. “அதுல பொய் வேற கீது. மேலருந்து வந்தது நடுங்கிச்சாம், அந்தாளு தைரியமா நின்னானாம். நடுங்குனது அவுரு கையிண்ணே. நான் கல்லு மாதிரி குந்திகினு இருந்தேன்.”

பழையபடி போடச் சொல்லட்டுமா என்று கேட்கிற இடமா அது? ஆனாலும் அதற்குத்தானே போயிருந்தேன், கேட்டேன்.

“வேணாண்ணே. அந்த வாத்தியாரே இருக்கட்டும். தலப்பா கட்டிகினு அவுரு முன்னால நிக்கட்டும். நான் பின்னால இருந்துக்குறேன்.”

புதுப் புத்தகத்தில் நம் பேச்சை வைத்து ஊர் சிரிக்கிறதே என்றேன். கடைசியாக அந்த ஒரு ஆயுதம்தான் என்னிடம் மிச்சம் இருந்தது. “சிரிக்கட்டும். சிரிப்பு எனக்குப் புதுசா இன்னா” என்றார்கள்.

அன்றைக்கு ரயில்வே கேட் தாண்டி வீடு வரைக்கும் உன்னைத் திட்டிக்கொண்டே நடந்தேன். எதிரே வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். உனக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டு போனவனை உன்மேலேயே பிராது கொடுக்க வைத்துவிட்டாய். பார்க்கிறவர்கள் முன்னால் பேச வெட்கப்படுகிற ஜனங்களைப் பற்றி அத்தனை பக்கம் எழுதினாயே, அவர்களைத் தெருவில் நிறுத்துகிறோம் என்று உனக்கு உறைக்கவில்லையா? துரை கத்தினான், தாசில்தார் கத்தினார் என்று கேலி செய்தாயே, நீ செய்தது மட்டும் என்ன? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. அதற்கு வாய்கூட வேண்டாம். துண்டு உன் தோளிலேயே கிடந்தது.

அந்தப் பதிப்பாளர்மேலும் எனக்குக் கோபம் தீரவில்லை. அவர் எழுதியது பொய், அசிங்கமான பொய். நீ எழுதியது உண்மை. அந்த உண்மையைத் திரும்பப் போடக்கூடாது என்று உன் மனைவி சொல்லியாகிவிட்டது. அதை நானே மவுண்ட் ரோடுக்குப் போய் என் வாயால் சொல்லிவிட்டு வந்தேன். “நான்தான் சொன்னேனே” என்று அவர் மறுபடியும் சோடா வரவழைத்தார். குடிக்காமல் எழுந்து வந்தேன். இப்போது யாராவது வந்து, அந்த நன்றியுரை இருக்கிறதே, என்ன தமிழ் என்று புகழ்ந்தால், பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொள்கிறேன். நான் பல்லைக் கடித்துக்கொண்டு எதையாவது பொறுத்து நீ பார்த்திருக்கிறாயா?

ஆனால் ஒன்று. கொஞ்ச நாள் கழித்து உன் வீட்டிலிருந்து ஆள் வந்தது. போனேன். மூன்றாம் அத்தியாயத்தை மறுபடி படிக்கச் சொன்னார்கள் உன் மனைவி. அதற்கப்புறம் நானே போக ஆரம்பித்தேன். வேறு எந்த அத்தியாயமும் வேண்டாமாம், அது மட்டும்தான். நடுவில் நிறுத்தி, “இது இல்ல, இப்படி நடக்கல” என்பார்கள். சில இடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்கும். ஒரு தடவை உன்னை நன்றாகத் திட்டினார்கள். கேட்க எனக்குத் திருப்தியாக இருந்தது. இந்தக் கடுதாசியை நான் அச்சில் கோக்கப் போவதில்லை. நீ செய்ததை நானும் செய்ய மாட்டேன்.

போன வாரம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். “அந்த விரல் பேச்சுல என்னப் பத்தி எப்பனா பேசுவாராம்மா?”

“பேசாம? உங்களுக்குப் பேரே வெச்சிருந்தாரு. கட்டவெரல் நகத்தால உள்ளங்கையில ரெண்டு குத்து, நல்லா வலிக்குறாப்பல. கோவக்காரன்னு அதுக்கு அர்த்தம். நீங்க தெரு முனையில வரப்பவே குத்திருவாரு, நான் எழுந்து டீ வெக்கப் பூடுவேன்.”

இத்தனை வருஷம் நான் வரும்போதெல்லாம் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை. அந்தப் பாஷை தெரிந்தவர் உலகத்தில் இனி ஒருவர்தான். எதிரில் பேசக் கையில்லை. அதில் எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வார்த்தை. கோபம் இன்னும் தீரவில்லை, தோஸ்து. அது தீரப்போவதும் இல்லை. ஆனால் இப்போதெல்லாம் யார்மேல் கோபம் வந்தாலும் என் கட்டைவிரல் தானாக உள்ளங்கைக்குப் போய்விடுகிறது. குத்தினதும் நீ கூப்பிட்ட மாதிரி இருக்கிறது.