மதினி, உங்கள் சாய்வெழுத்து கிடைத்துவிட்டது

பாசமுள்ள மதினிக்கு,

முதலில் நல்ல செய்தி. நீங்கள் கம்ப்யூட்டரில் வரைந்த தடித்த சாய்வெழுத்து கிடைத்துவிட்டது. ஒரு எழுத்துகூடக் குறையவில்லை. எட்டு மாதத்தில் நேற்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அது தொலைந்ததே உங்களுக்குத் தெரியாதே. நீங்கள் போன பிறகு கோவில்பட்டியில் நம் டிடிபி கடைக் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்தது. பார்க்க வந்தவர், "எல்லாத்தையும் அழிச்சாத்தான் சரியாவும்" என்றார். உங்கள் பிளாப்பியில் ஒரு பிரதி இருக்கிற தைரியத்தில் அழிக்கச் சொன்னேன். அந்தப் பிளாப்பி பூஞ்சை பிடித்துக் கிடந்தது, திறக்கவே இல்லை. நான்தான் அழித்தேன், மதினி. அண்ணனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நேரெழுத்தை அப்படியே சாய்த்தால் போதாதா என்று ஒருநாள் கேட்டேன். "ஏட்டி, அது சாஞ்ச எழுத்தில்ல, விழப்போற எழுத்து" என்று சிரித்தீர்கள். தடிமன் கூடினால் 'ண'வின் சுழி மையில் அடைத்துக்கொள்ளும். சாய்த்தால் புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில் போய் உட்காரும். ஒவ்வொன்றையும் புதிதாக வரைந்தீர்கள். தீப்பெட்டி லேபிளில் பொடியாகப் போட்டாலும் சுழி தெரிய வேண்டும், துணிக்கடை பேனரில் போட்டால் பஸ்ஸில் போகிறவர் படித்துவிட வேண்டும். அப்படி ஒரு பிடிவாதம். யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்பது அதைவிடப் பெரிய பிடிவாதம்.

அதனால்தானே கயத்தாற்று டிடிபி கடைக்காரரோடு பேச்சை விட்டீர்கள்? கல்யாணப் பத்திரிகை வேலையாக வந்த மனுஷன், நீங்கள் சாப்பிடப் போன நேரத்தில் எழுத்தைப் பிளாப்பியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நானும் உங்களோடு சேர்ந்து ஏசினேன்.

முந்தாநாள் திருநெல்வேலிக்குப் போகிற வழியில் பஸ் கயத்தாற்றில் நின்றது. எதிரே கபடிப் போட்டி பேனர். 'அணிகள் வருக' என்பதில் இருந்த 'ணி' உங்களுடையது. பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

நேரே அந்தக் கடைக்காரரிடம் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "அவிய தவறிட்டாவன்னு கேள்விப்பட்டேன். வாரதுக்கு மொகம் இல்ல. சண்டைக்கா வந்திருக்கிய?"

"இல்ல அண்ணாச்சி. அந்த எழுத்து இருக்கா?"

"இங்கனதான் இருக்கு. பசுவந்தனைக்காரன் ஒருத்தன் எங்கிட்ட கேக்காமலே அத பிளாப்பில ஏத்திட்டுப் போயிட்டான். களவாணிப்பய."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அவர் பிளாப்பியில் ஏற்றிக் கொடுத்ததை நம் கடைக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் பார்த்தேன். பிறகு அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஏட்டி, இதுக்கா எட்டு மாசமா பேயறைஞ்ச மாரி திரிஞ்ச?" என்று டீ வாங்கிக் கொடுத்தார். இந்த மனுஷனிடமா சொல்லப் பயந்தேன்?

உங்களுக்குப் பிடிக்காதுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இனி யார் கேட்டாலும் கொடுப்பேன். பூட்டி வைத்த நம்மிடம்தானே அது அழிந்தது? நீங்கள் அதற்கு என்னவோ அழகான பெயர் வைத்திருந்தீர்கள். அது தெரியாமல் அண்ணாச்சி பிளாப்பியின் மேல் 'கோவில்பட்டி அக்கா' என்று எழுதி ஒட்டியிருக்கிறார். பசுவந்தனையில் கல்யாண வீட்டுக்காரர்கள்கூட, "அக்கா எழுத்துல போடுங்க" என்றுதான் கேட்கிறார்களாம். உங்களை ஒருநாளும் பார்த்திராதவர்கள். அந்தப் பெயரை நான் மாற்ற மாட்டேன், மதினி.

இன்னும் உங்கள் ஏச்சுக்குக் காத்திருக்கும்
உங்கள் நாத்தனார்,
ஜெயா