உதிராத முடியும் ஒத்துழைக்காத மூக்கும்

மார்ச் 3
நாய் வாங்கப் போகிறோம்! ஐம்பத்திரண்டு வயதில், கணக்கு வாத்தியார், வகுப்பில் கரும்பலகையைப் பார்த்து இளித்துக்கொண்டு நின்றேன். நாய் என்றால் எனக்கு மூச்சிழுப்பு வரும். சின்ன வயதிலிருந்தே எதிர்ப்பக்கத் தெருவோரம் நின்று ரசித்தவன். இப்போது முடி அதிகம் உதிராத கலப்பு நாய் இருக்கிறதாம். மனைவி ஒன்றுதான் கேட்டாள்: "உங்க மூக்கைக் கேட்டீங்களா?"

மார்ச் 6
டாக்டர்: "முடி மட்டும் இல்ல சார், எச்சில், பொடுகுகூட ஒத்துக்காது. பக்கத்துல உக்காந்து பாருங்க. மூச்சு முட்டினா எழுந்து வந்துடுங்க."
அனுமதி! அனுமதிதானே?

மார்ச் 10
லாப்ரடாரும், முடி உதிராத சுருட்டைமுடி பூடிலும் சேர்ந்தால் எஃப் ஒன், அதாவது முதல் தலைமுறை, பாதிக்குப் பாதி. இரண்டு எஃப் ஒன் சேர்ந்தால் எஃப் டூ, இரண்டாம் தலைமுறை. எப்படி வேண்டுமானாலும் பிறக்கும். எஃப் ஒன்னை மறுபடி பூடிலோடு சேர்த்தால் எஃப் ஒன் பி. முக்கால்வாசி பூடில், உதிர்வது குறைவு. கணக்கு முடிந்தது!

மார்ச் 14
நாய் வளர்க்கும் அம்மா என் கணக்கைக் கேட்டுச் சிரித்தார். "அது சராசரி சார். ஒரே ஈத்துலயே ஒண்ணு சுருட்டை, ஒண்ணு நேர்முடி. நேர்முடி கொஞ்சம் கொட்டத்தான் செய்யும்."
அந்த நேர்முடிக் குட்டிதான் ஓடிவந்து என் மடியில் ஏறியது. ஐயோ, அந்த வயிறு! கொஞ்ச நேரத்தில் கண் எரிச்சல், தும்மல், பிறகு இழுப்பு. மனைவி மருந்தை வாயில் அடித்து வெளியே இழுத்து வந்தாள்.
காரில் அழுதேன். யார் படிக்கப் போறாங்க, எழுதிட்டுப் போறேன். அழுதேன்.

மார்ச் 15
நாய் வேண்டாம்.

மார்ச் 20
சட்டைப் பையில் இழுப்பு மருந்தை மனைவியே வைத்து அனுப்பினாள். ஏன் என்று புரியவில்லை. மாலையில் வாசலிலேயே மடக்கினாள்.
"தும்மினீங்களா?"
"இல்லையே."
"நேத்து நான் மட்டும் அந்த அம்மா வீட்டுக்குப் போய் சுருட்டைக் குட்டி ஒண்ணை இந்தச் சட்டையிலதான் சுத்தி வச்சிருந்தேன். இன்னிக்குப் பூரா நாயைப் போட்டுக்கிட்டுதான் பாடம் நடத்தியிருக்கீங்க!"
அடிப்பாவி! கட்டிப்பிடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தார். பார்க்கட்டும்.

மார்ச் 21
காலை முழுக்கச் சுருட்டையோடு உட்கார்ந்தேன். பயல் என்னை மதிக்கவே இல்லை. தன் வாலைக் கடிப்பதில் மும்முரம். கடைசியில் போனால் போகிறதென்று காதை நக்கினான். மூக்கு வாயைத் திறக்கவில்லை.
வாங்கியாச்சு!!

ஏப்ரல் 18
உதிராத முடி சிக்குப் போடுகிறது, தினமும் சீவுகிறேன். மனைவி கூடத்தைக் கூட்டி முறத்தை என் முகத்தெதிரே நீட்டினாள். பயல் பழுப்பு, முறத்தில் இருந்ததெல்லாம் கறுப்பும் நரையும்.
"நாயைவிட நீங்கதான் கொட்டுறீங்க. கல்யாணத்துக்கு முன்னாடி உங்க தலைமுறையை நான் விசாரிக்காம விட்டுட்டேன்."
வாய்விட்டுச் சிரிக்க முடியவில்லை. மடியில் பயல் தூங்குகிறான்.