வேட்டைக் கத்திக்கு அளவெடுத்த கதை

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், உன் தங்கை, உன் அப்பா எல்லோரும் சுகம், அப்பாவின் வலது பக்க மீசை மட்டும் சுகமில்லை, அது எப்படிப் போனது என்று பின்னால் சொல்கிறேன். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் உனக்குப் பிடிக்காத பேச்சு வந்தால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய், கடிதத்தில் அந்தச் சாக்கு நடக்காது, அதனால்தான் எழுதுகிறேன், கடைசி வரி வரை படி.

அந்த வெளிநாட்டில் நீ கட்டிக்கொள்ள நினைக்கிற பெண்ணின் அப்பா வேட்டைக்குப் போகிறவராம், அவர் வீட்டு மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உங்கள் குடும்பத்துக்கு என்ன தொழில் என்று கேட்டாராம், நீ கொஞ்சமும் கூசாமல் மூன்று தலைமுறையாகக் கத்தி அடிக்கிறோம் என்று அளந்துவிட்டாய். நம் வீட்டில் மூன்று தலைமுறையாக அடித்தது அரட்டை மட்டும்தான். அந்த மனிதர் சந்தோஷப்பட்டு, அப்படியானால் இந்த வருஷ வேட்டைக்கு உங்கள் வீட்டுக் கத்தி ஒன்று வேண்டும் என்று கேட்டுவிட்டார். உடனே எனக்குப் போன் போட்டு, கடையில் நல்ல கத்தியாக வாங்கி, அதிலிருக்கும் பெயரைச் சுரண்டிவிட்டு அனுப்பும்மா என்றாய். போய் விசாரித்தேன், அந்த விலைக்கு இன்னொரு தையல் மெஷினே வாங்கிவிடலாம். அதுவுமில்லாமல் பொய்யைக் காசு கொடுத்து வாங்க எனக்கு மனசு வரவில்லை. சரி, நம் கையாலேயே செய்துவிட்டால் நீ சொன்னதில் ஒரு பங்காவது உண்மையாகுமே என்று இறங்கிவிட்டேன்.

முதல் கத்திக்கு உன் அப்பா உடைந்த கேட்டிலிருந்து ஒரு கம்பியைப் பிடுங்கிவந்தார். இரண்டு நாள் அடித்து ஒரு வெள்ளரிக்காயில் வைத்து அழுத்தினேன், வெள்ளரிக்காய் அப்படியே இருந்தது, கத்தி வளைந்துவிட்டது. அதைப் பழைய இரும்புக் கடைக்காரரிடம் காட்டினால் மனுஷன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, எல்லா இரும்பும் கத்தியாகாது என்று லாரி ஸ்ப்ரிங் பட்டையில் ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தார், இரண்டு நூல்கண்டு விலைதான். இரும்பை வைத்து அடிக்க அவருடைய இருபது கிலோ எடைக்கல்லையும் வாங்கிவந்தோம். அது இல்லாத நாட்களில் அவர் கையால் தூக்கிப் பார்த்தே எடை சொன்னாராம், வியாபாரம் முன்னைவிட நன்றாக நடந்தது என்கிறார். பின்கட்டில் நாலு செங்கல்லை அடுக்கி, கரி போட்டு, காற்றுக்கு உன் தங்கை தலை காயவைக்கும் மெஷினை வைத்தேன். அவள் ஒரு வாரம் ஈரத்தலையோடு வேலைக்குப் போனாள், ஆபீஸில் எல்லோரும் உங்கள் தெருவில் மட்டும் மழையா என்று கேட்டார்களாம்.

உன் அப்பா சுத்தியலைத் தொடவே இல்லை. பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்தவர் இல்லையா, பழைய விசிலைத் தேடி எடுத்துக்கொண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு விசில் கொடுத்தால் அடிக்க வேண்டும், ஒரு விசில் கொடுத்தால் நிறுத்தி இரும்பை நெருப்பில் வைக்க வேண்டும். சிவந்துவிட்டதா என்று ஒருதரம் குனிந்து பார்த்தார், மீசை போனது அப்போதுதான். மிச்சப் பாதியையும் எடுத்துவிடுங்கள் என்றால் கேட்க மாட்டேன் என்கிறார்.

இரண்டாவது கத்தி பார்க்க லட்சணமாக வந்தது, சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினேன், டிக் என்று நடுவில் விரிசல் விட்டுவிட்டது. மூன்றாவதுக்கு ஒழுங்காகக் காகிதத்தில் அளவு வெட்டிக்கொண்டேன், அங்கேதான் என் புத்தி தன் வேலையைக் காட்டியது. பழக்க தோஷத்தில் தையலுக்குப் பிடிக்கச் சுற்றிலும் அரை அங்குலம் சேர்த்து வெட்டியிருக்கிறேன். அடித்து முடித்த பிறகுதான் உறைத்தது, இரும்பை எங்கே மடித்துத் தைப்பது? அந்த அரை அங்குலத்தை அரத்தால் ராவி எடுக்க எட்டு நாள் ஆயிற்று, தோள்பட்டை கழன்றுவிட்டது.

காந்தம் ஒட்டாத அளவுக்குக் காய வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதால் ஊசி பொறுக்கும் காந்தத்தால் பார்த்துப் பார்த்து, இந்தத் தடவை சமையல் எண்ணெயில் முக்கினேன். என்ன பலகாரம் என்று மூன்று வீட்டிலிருந்து கேட்டார்கள். பிறகு மிதமான சூட்டில் வைக்க வேண்டுமாம், உன் அத்தை வீட்டு கேக் அடுப்பை இரண்டு மணி நேரம் கேட்டு வாங்கினேன், பாவம், அவள் தட்டும் கையுமாகக் காத்திருந்தாள், திறந்தால் கத்தி. இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் கத்தி கத்திதான், பன்னிரண்டு மடிப்பு ஜீன்ஸ் துணியை ஒரே இழுப்பில் அறுத்தது. அந்தப் பெண்ணின் அப்பாவுடைய உள்ளங்கை அளவு கேட்டபோது நீ சிரித்தாய், அந்த அளவுக்குத்தான் என் பழைய மரஸ்கேலை வெட்டிப் பிடி போட்டிருக்கிறேன், அங்குலக் கோடுகள்கூட அழியவில்லை.

எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனால் சுத்தியல் அடிக்கும்போதெல்லாம் ஒன்று குடைந்துகொண்டே இருந்தது. தையல்காரி மகன் என்று சொல்ல உனக்கு என்ன வெட்கம்? நீ போட்டுக்கொண்டு போன சட்டையைக்கூட நான்தான் தைத்தேன். எனக்கு வருத்தம்தான், மறைக்க மாட்டேன்.

நேற்று கப்பல் சரக்கு ஆபீஸில் பெட்டியைக் கொடுத்தோம். உள்ளே என்ன, யார் செய்தது என்று கேட்டார்கள். நேற்று வரை பார்க்கிறவர்களிடமெல்லாம் நாங்கள் செய்தோம், நாங்கள் செய்தோம் என்று சொல்லிக்கொண்டிருந்த உன் அப்பா, அரை மீசையோடு நிமிர்ந்து நின்று, "என் வீட்டுக்காரி அடிச்ச கத்தி சார், அவ துணி தைக்கறவ" என்றார்.

பெட்டியை உன் விலாசத்துக்கு அனுப்பவில்லை, நேராக அந்தப் பெண்ணின் அப்பா விலாசத்துக்கே போட்டிருக்கிறேன். கத்தி உறையில் உள்பை வைத்துத் தைத்து, அவருக்கு ஒரு கடிதமும் வைத்திருக்கிறேன், உன் தங்கைதான் அவர் பாஷையில் எழுதிக் கொடுத்தாள். நான் துணி தைக்கிறவள், இது என் மூன்றாவது கத்தி, முதல் இரண்டும் வீணாய்ப் போயின, உங்கள் பெண்ணை ரொம்பப் பிடித்துப்போனதால் பயந்து என் மகன் பொய் சொல்லிவிட்டான், பிடி இறுக்கமாக இருந்தால் சொல்லுங்கள், பிரித்துச் சரிசெய்து தருகிறேன், அவ்வளவுதான் அதில் இருக்கிறது.

நீயும் அந்தப் பெண்ணும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். குளிர் வந்துவிட்டது என்றாயே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஒன்று மட்டும் மறந்துவிடாதே, இந்தக் கடிதம் பத்து நாளில் உன் கையில் இருக்கும், பெட்டி போய்ச் சேர நாற்பது நாள் ஆகும். நடுவில் உனக்கு ஒரு மாதம் இருக்கிறது. என் கடிதத்தை அவர் பிரிப்பதற்குள் உன் வாயால் சொல்லிவிடு.

இப்படிக்கு,
தையல்காரி,
உன் அம்மா