சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி சாப்பிட்டார்

மஸ்கட்

அன்புள்ள அப்பாவுக்கு, செல்வி வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் எப்படி இருக்கின்றன? பெய்த மழைக்கு உளுந்து முளைத்துவிட்டதா?

புதூர்க்காரர் சங்கிலிப்பாண்டி அண்ணாச்சி இங்கே கட்டட வேலை செய்கிறார். காலில் புண்ணோடும் ஏறிய சர்க்கரையோடும் எங்கள் வார்டில் சேர்ந்திருந்தார். ஒருநாள் காலைச் சாப்பாடு வந்ததும் அவருக்கு இன்சுலின் போட்டேன். திரும்பி வந்து பார்த்தால் அவருக்கு வேர்த்துக் கொட்டுகிறது, பேச்சு குழறுகிறது. தட்டில் இருந்தது அப்படியே இருந்தது. சர்க்கரை இறங்கிவிட்டது. உடனே குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கவைத்தேன். சற்று நேரத்தில் தெளிந்துவிட்டார். பயப்படாதீர்கள்.

“ஏன் அண்ணாச்சி சாப்பிடல?” என்று கேட்டேன்.

“சாப்பிட்டா சுகர் ஏறும், காலை எடுத்துருவாவன்னு பயந்துட்டேன் தாயி.”

“ஊசி போட்டுட்டு பட்டினி கெடந்தாத்தான் ஆபத்து. நீங்க சாப்பிடுங்க, நான் இங்கனதான் நிக்கேன்.”

தலையைக் குனிந்துகொண்டு தட்டைக் காலி செய்தார். அதன்பிறகு அவர் சாப்பிட உட்கார்ந்ததைப் பார்த்துத்தான் ஊசி போட்டேன். டாக்டரும் மருந்தின் அளவைக் குறைத்தார். சர்க்கரை கட்டுக்குள் வந்தது, புண்ணும் ஆறியது. இன்று விடுப்பில் ஊருக்குப் புறப்படுகிறார். இனி வார்டில் நம் பேச்சுப் பேச ஆளில்லை.

அவர் திரும்பும்போது கொஞ்சம் கம்பு மாவு கொடுத்துவிடுங்கள். போன் பேசும்போது ஆடுகள் கத்துவது கேட்கும்படி தொழுவத்துப் பக்கம் நின்று பேசுங்கள்.

வண்டி வந்துவிட்டதாம். இந்தக் கடிதத்தை வாங்க அண்ணாச்சியே நடந்து வருகிறார், அப்பா.

உங்கள் மகள்,
இசக்கிச்செல்வி